நூல் விட்ட பலகாரம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சரக்குக் கப்பலில் சமையல்காரர். லீவில் தாம்பரம் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். சமையல்காரர் என்ற ஒரே வார்த்தைக்காக நாலு வரன் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவதாக, பெருங்களத்தூரிலிருந்து ஒரு வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அம்மா கேசரி, பஜ்ஜி என்று திட்டம் போட்டாள். மாமா கேட்கவில்லை. “என் தொழிலே சமையல்தான். அன்னிக்கு நான்தான் செய்வேன்க்கா” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கப்பலில் கூட வேலை பார்த்த துருக்கிக்காரர் சொல்லிக்கொடுத்த முஹ்லமா என்ற பலகாரம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மக்காச்சோளம் வாங்கி, மில்லில் கொடுத்து ரவை பதத்துக்கு உடைத்துக்கொண்டு வந்தார். வெண்ணெயில் அதை வாசனை வரும்வரை வறுத்து, தண்ணீர் விட்டுக் கிண்டி, கடைசியில் பீட்சாவுக்குப் போடும் சீஸைத் துருவிப் போட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. மாமாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் கிடையாது என்று சத்தியமே செய்திருப்பேன்.

பெண்ணின் அப்பா, அம்மாவோடு பெண்ணும் வந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சராம். அப்பாக்காரர் ஸ்பூனால் ஒரு வாய் எடுத்தார். தட்டிலிருந்து மீசைவரை சீஸ் நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது, அறுபடவேயில்லை. எங்கள் பக்கத்தில் சாப்பாடு நூல் விட்டால் ஊசிப்போய்விட்டது என்று அர்த்தம். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க தம்பி. நூல் விடுது, கெட்டுப்போச்சு போலிருக்கே.”

“இல்ல சார், இது இப்படித்தான் இருக்கணும். எவ்ளோ நீளமா வருதோ அவ்ளோ நல்லது” என்றார் மாமா. பெண்ணின் அம்மாவும் தட்டைத் தள்ளி வைத்தார். என் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. ஐந்தாவது வரனும் போச்சு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த அக்கா மட்டும் ஸ்பூனை விடவில்லை. ஒரு வாய், இன்னொரு வாய். கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். நூலும் கூடவே வந்தது. அப்பா முறைக்க முறைக்கத் தட்டைக் காலி செய்துவிட்டு மாமாவை நேராகப் பார்த்தாள். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

“இன்னும் கொஞ்சம் வைங்க” என்றாள்.

மாமா வைத்தார். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அவளுடைய அப்பா மகளைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, லீவு என்றைக்கு முடிகிறது என்று மாமாவிடம் கேட்டார். அம்மா சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கோ ஒன்றும் புரியவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மாவிடம் சொன்னேன்: அந்த அக்கா காலையிலிருந்து பட்டினி போலிருக்கிறது, அடுத்த தடவை வந்தால் முதலில் இரண்டு இட்லி கொடுத்துவிடு என்று.