அத்தை வீடு வரைக்கும் ஓர் அம்பு

எங்கள் வீட்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்தவள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளி நின்று, "பாத்து, பாத்து" என்பார். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அம்மா அடித்த அம்பு எங்கே போய்க் குத்தியது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் புதுச்சேரியில், குருசுக்குப்பத்துக்கு மேற்கே, மில் சங்கு காதில் விழுகிற ஒரு தெருவில் இருந்தோம். தெருவின் மேற்குக் கோடியில் அம்மன் கோவில். விஜயதசமி சாயங்காலம் அம்மன் குதிரை வாகனத்தில் வெளியே வருவாள். எதிரே ஒரு வாழை மரத்தை நட்டு, அதில் வன்னிக் கிளை கட்டியிருப்பார்கள். அதுதான் அசுரன். பூசாரி அம்மனுக்குப் பதிலாக வில்லை எடுத்து, முதல் அம்பை அசுரன் மேல் விடுவார். பிறகு அந்த வாழை மரத்தடியிலேயே நின்றுகொண்டு திசைக்கு ஒன்றாக விடுவார்.

அந்த அம்புகளைச் செய்து கொடுக்கும் உரிமை எங்கள் தாத்தாவுடையது. அப்பாவைப் பெற்றவர், தச்சு வேலைக்காரர். உரிமையோடு ஒரு கடமையும் உண்டு. அம்பு யார் வீட்டில் போய் விழுகிறதோ, அந்த வீட்டுக்கு உரிமை உள்ளவரே தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு போய், தன் கையால் அதை எடுத்து வர வேண்டும். யார் வீடு, என்ன சாமி கும்பிடுகிற வீடு என்றெல்லாம் பார்க்கக் கூடாது. ஒரு வருடம் சைக்கிள் கடை பாய் வீட்டுக் கூரையில் விழுந்து, தாத்தா ஏணி போட்டு ஏறினாராம். பாய் அன்றிலிருந்து வாகன வண்டிச் சக்கரத்துக்குக் காசு வாங்காமல் கிரீஸ் போட்டுக் கொடுத்தார்.

இதெல்லாம் தாத்தாவுக்குக் கண்ணில் புரை விழுவதற்கு முன்பு. அதற்குப் பிறகு அம்பு செய்தவர் அப்பா. மில்லில் தறி பார்க்கிறவர். சவுக்குக் குச்சியை ஒடித்து, நுனியில் டால்டா டப்பாத் தகரத்தைச் சுற்றி, இதுதான் அம்பு என்று கொடுத்துவிடுவார். அது எய்தவர் காலடியிலேயே விழும். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எங்கள் தெருவில் வருடா வருடம் அம்பைத்தான் நொந்துகொண்டார்கள்.

இனி அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தபோது, அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த உப்பளம் பகுதிக் கிறிஸ்தவர் ஒருவரை விரும்பி, நகராட்சிக் கட்டடமான மேரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். "அவ வாசப்படிய நான் மிதிச்சா என் கால வெட்டிப் போடுங்க" என்று தாத்தா தெருவே கேட்கச் சொன்னார். வேறு யாராவது என்றால் ஊரை விட்டே போயிருப்பார்கள். அத்தை தாத்தா பெற்ற பெண்ணாயிற்றே. எங்கள் தெருவின் கிழக்குக் கோடியில், தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற வீட்டிலேயே குடிவந்தாள். தெருக்குத்து என்று யாரும் குடியேறப் பயப்படுகிற வீடு. வாசலில் நின்றால் நேர் எதிரே கோவில் தெரியும். நடுவில் எங்கள் வீடும் தெரியும். அதற்காகவேதான் வந்தாள் என்று அம்மா சொல்வாள்.

அந்த வருட நவராத்திரியின்போது அத்தை நிறைமாதம். தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். தாய் இல்லை, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணியாவது கூப்பிட வேண்டும். தாத்தா சரி சொல்லாமல் அம்மா கூப்பிட்டால் அத்தை வரமாட்டாள். தாத்தாவோ அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

அம்மா ஒரு நாள், இந்தத் தடவை அம்பு நான் செய்கிறேன் என்றாள். அவள் கொல்லர் வீட்டுப் பெண். கல்யாணம் ஆகிற வரைக்கும் தன் அப்பாவுக்குத் துருத்தி இழுத்தவள்.

"பொம்பள அடிச்ச அம்ப சாமிக்குக் குடுக்கறதா?" என்றார் தாத்தா.

"எய்யறதே பொம்பளதான மாமா" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

தாத்தா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்றைக்கே அம்மா என்னைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். "ஒரே ஒரு அம்பு அவ வீட்டுல போய் வுழணும். வுழுந்தா யாரு போய் எடுக்கணும்?"

"தாத்தா."

"வெளிய மூச்சு வுட்ட, தோல உரிச்சிடுவேன்."

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. இவ்வளவு பெரிய ரகசியம் அதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை. பெருமை தாங்கவில்லை.

சவுக்கை அம்மா தொடவே இல்லை. கனம், போதாததற்குக் கோணல். மில்லுக்கு இயந்திரம் வந்த மரப்பெட்டியின் பலகையைக் கேட்டு வாங்கி வரும்படி அப்பாவிடம் சொன்னாள். லேசான மரம், ரேகை நேராக ஓடுகிறது. ரம்பம் போடாமல் ரேகையோடு உளி வைத்துப் பிளந்தாள். தாத்தாவின் இழைப்புளியால் இழைத்தாள். மூலை போக உருட்டி உருட்டி உப்புத்தாள் போட்டது நான். கை எரியும். விட்டேனா? பஞ்சுப் பொதியைக் கட்டி வரும் இரும்புப் பட்டைதான் முனைக்கு. கும்மட்டி அடுப்பில் கரியைப் போட்டு நான் விசிற, பட்டை சிவக்கும். தாத்தாவின் தண்டவாளத் துண்டின் மேல் வைத்து அம்மா அடிப்பாள். ஒரு பக்கம் வேப்பிலை மாதிரி கூராகும், மறுபக்கம் குச்சி நுழைகிற குழலாகச் சுருளும். முதலில் அடித்த முனைகள் கனமாகி, அம்பு தலைகுப்புற விழுந்தது. அம்மா அரத்தால் ராவினாள். மறுபடி விட்டுப் பார்த்தாள். மறுபடி ராவினாள்.

இறகு கொண்டுவருவதும் என் வேலை. எதிர் வீட்டுச் சேவலைத் துரத்தி வாரிக்கொண்டு வந்த இறகுகளை நூலால் கட்டினோம். அம்பு வாத்து மாதிரி ஆடிக்கொண்டு போனது. அம்மா இறகுகளை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஓர் அம்புக்கு மூன்று இறகும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டுமாம். நான் இடதையும் வலதையும் கலந்திருந்தேன். சேவலை மறுபடி துரத்தினேன். அந்தச் சேவலுக்கு என்னைக் கண்டாலே கூரை ஏறும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே. அம்மா மில் நூலை ஓர் உருண்டை கொடுத்து அனுப்பினாள். கோவில் வாசலில் வாழை நடுகிற இடத்தில் இருந்த விளக்குக் கம்பத்தில் ஒரு கண்ணி போட்டு மாட்டி, நூலை விட்டுக்கொண்டே போய், அத்தை வீட்டு மூங்கில் படலில் இன்னொரு கண்ணி மாட்டினேன். அதோடு சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அத்தை பார்த்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டுப் பணியாரம் கொடுத்தாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. பிறகு நூல் எங்கே நினைவிருக்கும்? இருட்டியதும் தாத்தாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பின் சந்து வழியாக வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்த தாத்தா, என் மடியில் நூல் உருண்டையைப் போட்டார். "நூலத் தெருவுல வுட்டுட்டு வராத. மாட்டுக் கால்ல சுத்திக்கும்." அவ்வளவுதான். எனக்கு உயிர் போய் வந்தது. உருண்டை கல் மாதிரி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. இரண்டு முனையிலும் நான் போட்ட கண்ணிகள் அப்படியே இருந்தன. அளவு கெடவில்லை என்ற சந்தோஷத்தில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கோவில் வில்லுக்குப் புது நாண் கட்டுவதும் எங்கள் வீட்டுப் பொறுப்பு என்பதால் வில் எங்களிடமே இருந்தது. விடியற்காலையில் குருசுக்குப்பம் கடற்கரையில் நூலை மணலில் நீட்டிப் போட்டு அம்மா விட்டுப் பார்ப்பாள். வலை இழுக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னாக்கா, சண்டைக்குக் கெளம்பிட்டியா?" என்றார் ஒருவர். "ஆமா, மாமனாரோட" என்றாள் அம்மா.

ஆனால் அம்பு எட்டவில்லை. எத்தனை ராவியும், எத்தனை இறகு மாற்றியும், நூலின் முனைக்குக் கொஞ்சம் முன்னால், நாலைந்து கட்டில் நீளம் இருக்கும், அங்கேயே விழுந்தது. கடைசி நாளும் அப்படித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. மணலைத் தட்டிவிட்டு அம்பைப் புடவையில் சுருட்டிக்கொண்டாள். "எட்டும். எட்டாம எங்க போகுது?" என்றாள். திண்ணையில் தாத்தா இருந்ததைக்கூடக் கவனிக்காமல், நாலைந்து கட்டில் நீளம் எட்டலியே என்று முனகிக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.

விஜயதசமி அன்று காலையில் வாழைக்குக் குழி தோண்டும்போது தாத்தா தடியும் கையுமாகப் போய் வம்பு பண்ணினார். "இங்க மண்ணு இளகிக் கெடக்குது. மரம் சாஞ்சிடும். அப்பால தள்ளித் தோண்டு" என்று, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, கிழக்கே சைக்கிள் கடை வரைக்கும் ஆளை நகர்த்திக்கொண்டே போனார். தோண்டியவர் முணுமுணுத்தார். நானும் கடுப்பானேன். வேடிக்கை பார்க்க நான் பிடித்து வைத்திருந்த மதில் வீணாகிப் போயிற்று. அம்மா மட்டும் வாசலில் நின்று அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கியது கூடத் தெரியவில்லை.

சாயங்காலம் அசுரன் மேல் முதல் அம்பு பாய்ந்தது. வடக்கு, தெற்கு, மேற்கு முடிந்தது. கிழக்குக்கு அம்மாவின் அம்பு, முனையில் மஞ்சள் தடவியது. நடுத்தெருவில் நின்ற ஜனங்களை ஓரம் கட்டினார்கள். பூசாரி வில்லை இழுத்தார். தாத்தா பக்கத்தில் போய் அவர் முழங்கையைத் தட்டி, "தூக்கிப் புடிய்யா, ஜனங்க மேல பட்டுடும்" என்றார். அம்பு போனது. ஆடாமல், தெருவின் தலைக்கு மேலே, நேராகப் போனது. அத்தை வீட்டு மர நிலையில் குத்தி நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது என்று அப்பா சொல்வார். கேட்டது.

தாத்தா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே நாங்கள். அத்தையும் அவள் வீட்டுக்காரரும் கதவோரம் ஒதுங்கி நின்றார்கள். தாத்தா வாசற்படியில் ஏறி, தாம்பாளத்தை அத்தை கையில் கொடுத்துவிட்டு, நிலையைத் தடவி அம்பைக் கண்டுபிடித்தார். இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். "யாரு அடிச்ச இரும்பு இது, இந்தக் கடி கடிக்குது?" என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மூச்சு வாங்கி, தாத்தா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தார்.

"எத்தினி மாசம்?"

"ஒம்போது முடியப் போவுதுப்பா."

"அப்புறம் இங்க என்னா பண்ற? கெளம்பு."

அத்தையின் மகள் எங்கள் வீட்டில்தான் பிறந்தாள். அம்மா அடித்த அம்பு என்ன தூரம் போனது பார் என்று வருடக்கணக்காக எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். தாத்தாவிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஆமாமா, உங்க அம்மா கெட்டிக்காரி" என்பார்.

தாத்தா போய் வெகுகாலத்துக்குப் பிறகு, அத்தையின் பேரன் காற்றாடி விட்டு நூலைத் தெரு முழுக்கப் போட்டுவிட்டு ஓடினான். வைதுகொண்டே நான் சுற்றினேன். மறுமுனை எதிலோ மாட்டியிருந்தது. இழுத்தால் அறுந்துவிடும். சுற்றிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. அன்றைக்குத் தாத்தா கொண்டுவந்த உருண்டையில் கண்ணிகள் அறுபட்டிருக்கவில்லை. கண் மங்கிய மனுஷர், விடியற்காலையில், விரலால் நூலைத் தடவித் தடவிச் சுற்றிக்கொண்டே போய், அத்தை வீட்டுப் படலில் இருந்த கண்ணியைக் கையால் கழற்றி எடுத்திருக்கிறார். வாசல் வரைக்கும் போய்விட்டு, படியை மட்டும் மிதிக்காமல் திரும்பி வந்திருக்கிறார்.