வாப்பாவின் பேணி அடுப்பு

வாப்பாவுக்கு வயிற்றுப்புண். நேரத்துக்குக் கஞ்சி உள்ளே போகாவிட்டால் சுருண்டு படுத்துவிடுவார். எங்கள் ஊர் ஆண்கள் கூட்டமாக வெளியூர்ப் பள்ளிவாசலுக்குப் போய், மூன்று நாள் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, தொழுது, மார்க்கம் பேசித் திரும்புவார்கள். ஜமாஅத்தில் போவது என்போம். வாப்பாவுக்கு அதில் கொள்ளை ஆசை. ஆனால் ஈர விறகை ஊதி ஊதி ஒரு கூட்டத்துக்கே சோறு வேகும்வரை அவருடைய வயிறு பொறுக்காது. ஒவ்வொரு முறையும் மற்றவர்களை வழியனுப்பிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்துகொள்வார்.

உம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாண வீடுகளுக்குப் பெற்றோல்மக்ஸ் விளக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை செய்தார். அவருக்கும் வாப்பாவுக்கும் ஒரு வருடமாகப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் மாமா படம் பார்க்கப் போனதை வாப்பா கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மாமா வந்தால் குசினி அடுப்படியோடு சரி. நடுவில் கிடந்து வாடியது உம்மாதான். இவர்கள் இப்படியே ஒருநாள் கண்ணை மூடி மௌத்தாகிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? கிணற்றுக்கயிறு அறும், தென்னை விழும் என்று நான் சொல்லாத நாளில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது ஒரு பகிடி.

ஒருநாள் மாமா ஒரு சாமானைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். டின்பால் பேணியைப் பாதியாக வெட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, விளிம்புக்குக் கீழே ஆணியால் சுற்றிவரத் துளை போட்டிருந்தார். சட்டி வைக்க சைக்கிள் கம்பியில் மூன்று கால். கையில் எடுத்தால் பாரமே தெரியவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றி நெருப்புக்குச்சியைக் காட்டினார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. பற்றவில்லை என்று நினைத்துக் கையை நீட்டினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்பைத் தூவினார். சுற்றிவர மஞ்சள் சுவாலை எழுந்து நின்றது. அது ஏன் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புவரை நான் படிக்கவில்லை. இன்றைக்கும் தெரியாது.

“பத்துதா இல்லையா எண்டு கண்ணுக்குத் தெரியாது. உப்புப் போட்டுப் பாத்துட்டுத்தான் திருப்பி ஸ்பிரிட் ஊத்தணும். அவருக்கிட்டச் சொல்லு ராத்தா.”

‘அவர்’ பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். வாப்பாவும் உம்மாவைப் பார்த்தே பேசினார்.

“ஸ்பிரிட் எண்டா சாராயத்துட தம்பிதானே. அதப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகச் சொல்றானா எண்டு கேளு.”

“கரண்ட் போனாப் பள்ளியில பெற்றோல்மக்ஸ எதால பத்தவெக்கிற எண்டு நீயும் கேளு ராத்தா. போத்தல் போத்தலாக் குடுக்கிறது நான்தான்.”

உம்மா எதையும் கேட்கவில்லை. முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாப்பா கதிரையை அடுப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு, பள்ளி மதிலுக்கு வெளியே வைத்து மூட்டினால் குற்றமில்லை என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த ஜமாஅத் சம்மாந்துறைக்குப் போனது. மாமா மூன்று நாளைக்குக் கணக்காக இருமல் மருந்துப் போத்தல் இரண்டில் ஸ்பிரிட் நிறைத்து உம்மாவிடம் கொடுத்திருந்தார். வாப்பா போனபின் பார்க்கிறேன், அதில் ஒரு போத்தல் என் பள்ளிக்கூடப் பையோடு சாய்ந்து நிற்கிறது. வாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பதுபோல் கண்ணில் தெரிந்தது. உம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் போத்தலைத் தூக்கிக்கொண்டு விளக்குக் கடைக்கு ஓடினேன்.

“நானா போகணும்? வேற ஆள் கிடைக்கல்லயா?” என்றார் மாமா.

“வாப்பாக்கு வயித்துக்குத்து வந்துருமே மாமா.”

மாமா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் கழுவி, சட்டை மாற்றி, முதலாளியின் தொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

அன்று அவர் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. பேணி வெடித்து இருவரும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டி அழுதேன். கடைசி நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரே சைக்கிளில் வந்து இறங்கினார்கள். வாப்பா பின்னால், மடியில் அடுப்பு.

“கஞ்சிக்கு வெச்ச உப்பெல்லாத்தையும் நெருப்புல போட்டுட்டீங்களே மச்சான்.”

“நீதானேடா போடச் சொன்ன.”

உம்மா அவசரமாகத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். கேத்தலுக்குள் இருந்ததைவிட வெளியே சிந்தியதுதான் அதிகம். நான் மட்டும் வாப்பாவை ஏசினேன், போத்தலை இப்படியா மறந்துபோவது என்று. “ஓம் மகள், வயசு போகுதுதானே,” என்று ஒத்துக்கொண்டார். நான் அதை நம்பி, வெகுகாலம் அவர் வெளியே போகும்போதெல்லாம் பையைத் திறந்து பார்த்து அனுப்பினேன்.

வாசல் தாழ்ப்பாளை இரண்டாம் தரம் தொட்டுப் பார்க்காமல் படுக்காத மனிதர் அவர். போத்தல் குசினியில் நின்றிருந்தால், உம்மா பக்கத்து வீட்டு யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பார். என் பையோடு இருந்தால் அது மாமாவிடம்தான் போய்ச் சேரும் என்று வாப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வீடே பகிடி பண்ணிய என் பயத்தை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தவர் அவர் ஒருவர்தான்.