அப்பள வாசனையோடு பார்டர் வரைக்கும்

வேன் போன வழியெல்லாம் அப்பளம் பொரிக்கிற வாசனை... பின்னால் திரும்பிப் பார்த்தால் பாலைவனமும் ரோடும்தான். அடுப்பும் இல்லை, வாணலியும் இல்லை. வாசனை எங்கள் வேனின் சைலன்ஸரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

குவைத்தில் சண்டை வந்தபோது நாங்கள் ஃபஹாஹீலில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் கணவருக்கு ரிஃபைனரி லேபில் வேலை. நாள் முழுக்கப் பெட்ரோலையும் டீசலையும் சோதித்துவிட்டு வருவார். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை போகாது.

அந்த ஊரில் தண்ணீரைத்தான் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வோம். அரிசி, பருப்பு, பால் பவுடர் எல்லாம் வாங்கி அடுக்கிய வீடுகளில்கூட ஒரு கேன் டீசல் கிடையாது. காலுக்கடியிலேயே எண்ணெய் கிடக்கிற ஊரில் யார் வாங்கி வைப்பார்கள்?

ஈராக் ராணுவம் வந்ததும் பெட்ரோல் பங்க்குகள் அவர்கள் கைக்குப் போய்விட்டன. டீசல் அவர்கள் வண்டிகளுக்கு மட்டும்தான். எனக்கு அப்போது எட்டாம் மாதம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவும் ஊரைவிட்டுப் போய்விட்டார். ஜோர்டான் பார்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து நம் ஆட்களை விமானம் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று பேச்சு. வலி வருவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். ராத்திரி பகலாக எனக்கு அந்த ஒரு பயம்தான்.

எங்கள் பில்டிங்கின் கீழே மெஸ் நடத்தினார் கணேசன் அண்ணன். புதுக்கோட்டைக்காரர். சைட்டுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகப் பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருந்தார். டேங்கில் இருந்ததும், யார் யாரிடமோ கேட்டு வாங்கியதும் சேர்த்தால் பாதி வழிக்குக்கூடக் காணாது. ஆனால் மெஸ் ஸ்டோரில் சமையல் எண்ணெய் மட்டும் டின் டின்னாக நின்றது.

"பேசாம இதை ஊத்தி ஓட்டிர வேண்டியதுதான் சார்" என்று வேடிக்கையாகத்தான் சொன்னார்.

என் கணவர் சிரிக்கவில்லை. "பழைய டீசல் இன்ஜின்தானே... பாதிக்குப் பாதி கலந்தா ஓடும்ணே. வெயில் அடிக்கணும், அவ்ளோதான். எண்ணெய் கெட்டியாகிடக் கூடாது."

மெஸ்ஸில் பொரித்து மிச்சமான எண்ணெயையும் விடவில்லை. என் காட்டன் புடவையை நாலாக மடித்து அதில் வடிகட்டினேன். மறுநாள் காலையிலேயே கிளம்பினோம்.

ஈராக்கைக் குறுக்காகக் கடக்க வேண்டும். நான் சும்மா இருக்கவில்லை. ஒரு மேடு தெரிந்தால் போதும், "என்னங்க, பார்டர் வந்துடுச்சா?" என்று கேட்டுவிடுவேன். அவரும் சலிக்காமல், "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்பார்.

என் பயத்தைப் போக்க அவர் கதை சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள். "உலக யுத்தத்தப்போ ஜெர்மன்காரன்கிட்ட எண்ணெய் அவ்வளவா கிடையாது. நிலக்கரியிலேர்ந்து பெட்ரோல் தயார் பண்ணி பிளேனே ஓட்டினான், தெரியுமா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கணேசன் அண்ணன் சொன்னார். "அவனுக்குக் கிணறு இல்ல, கரியப் போட்டு ஓட்டுனான். நாம ஊரு பூரா கிணத்த வச்சுக்கிட்டு அப்பள எண்ணெயில போறோம்."

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வயிற்றுக்குள் இருந்தவளும் ஒரு உதை விட்டாள்.

பாக்தாத் தாண்டி வெகுதூரம் போன பிறகு வேன் இருமியது... நின்றுவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மரம் இல்லை. என் கணவர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே கடுகு. கூடவே கருகின கறிவேப்பிலை.

கணேசன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடைசி டின்ன அவசரத்துல வடிகட்டாம ஊத்திட்டேன் தங்கச்சி. அடி எண்ணெய்ல தாளிப்பு கெடந்துருக்கு."

என் கணவர் ஃபில்டரைத் துடைத்து, ட்யூபில் வாய் வைத்து ஊதினார். டேங்கில் இருந்ததை எல்லாம் இறக்கி மறுபடி வடிகட்டினோம். பாதி மண்ணில் போயிற்று. மிச்சம் பார்டர் வரைக்கும் வராது என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. இடுப்பு வேறு வலிக்க ஆரம்பித்திருந்தது எனக்கு. அதை நான் சொல்லவில்லை.

சீட்டுக்கு அடியில் என் டின் ஒன்று இருந்தது. பிள்ளை பெற்ற பிறகு தலைக்கு ஊற்றிக்கொள்ள அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய். அம்மாவால் வர முடியவில்லை, எண்ணெயாவது வந்ததே என்று அதைத் தொட விடாமல் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வேணாம்மா... அது அத்தை அனுப்பினது" என்றார்.

"தலைக்குக் குளிக்க முதல்ல ஊருக்குப் போகணும். ஊத்துங்க."

அந்த எண்ணெயில்தான் பார்டர் கேம்ப்பின் கூடாரங்கள் தெரிகிற இடம் வரைக்கும் வந்தோம். மிச்ச தூரத்துக்கு அங்கே நின்றிருந்த நம் ஆட்கள் வேனைத் தள்ளிக் கொடுத்தார்கள். என் மகள் ஊரில், அம்மா பக்கத்தில் இருக்க, திருச்சியில் பிறந்தாள்.

இப்போது பர் துபாயில் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் ஓட்டுவது எலக்ட்ரிக் கார். பார்க்கிங்கில் ஃபோனைச் சார்ஜில் போடுகிற மாதிரி மாட்டிவிட்டு மேலே வந்துவிடுகிறாள். புகை இல்லை, வாசனை இல்லை. சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன்... ஆனால் அதில் போகும்போது எங்கேயோ போகிறோம் என்ற நினைப்பே எனக்கு வருவதில்லை.

கணேசன் அண்ணன் போய் வெகுநாளாகிறது. வீட்டில் நான் அப்பளம் பொரித்தால் என் கணவர் ஹாலிலிருந்து, "என்ன, பார்டர் வந்துடுச்சா?" என்பார். அன்றைக்கு நான் கேட்டதை எனக்கே திருப்பிக் கொடுப்பார், ஒவ்வொரு தடவையும். அவரும் போன வருஷம் போய்விட்டார். அதன் பிறகு அப்பளக் கட்டைப் பிரிக்கவே மனசு வரவில்லை.

இன்றைக்குப் பேத்தி கேட்டாள் என்று பொரித்தேன். வாசனை ஹாலுக்குப் போயிருக்க வேண்டும். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே மகள் குரல் கொடுத்தாள்.

"அம்மா... பார்டர் வந்துடுச்சா?"

அடுப்பைச் சின்னதாக்கினேன்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன்.