எல்லா ரிசார்ட்டுக்கும் ஒரே தாய்மாமன்

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் சலூனில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வதந்தி என் காதுக்கு வந்தது. கட்டபெட்டு சமையல்காரர் மருதாசலத்துக்கு ஏழு தங்கச்சிகளாம். ஏழு பேரும் ஏழு ஜாதியாம். அதில் இருவர் கிறிஸ்தவர்களாம், ஒருத்தி மலையாளத்துக்காரியாம். ஏழு தங்கச்சிகளும் ஆளுக்கொரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு ரிசார்ட்டில் கல்யாணம் நடந்து, எல்லாக் கல்யாணத்திலும் மருதாசலமே தாய்மாமனாக நின்றாராம்.

"அவங்கப்பா அந்தக் காலத்துல லாரி ஓட்டினவருங்க" என்றார் முடி வெட்டுபவர். இதற்கு மேல் விளக்கம் எதற்கு என்ற முகத்தோடு மீண்டும் கத்தரியை எடுத்தார்.

செத்துப்போன ஓர் அப்பாவின் பேரை இப்படி விட்டுவிட்டு வர மனமில்லை. மறுநாள் கட்டபெட்டுக்குப் பஸ் ஏறினேன்.

மருதாசலம் வீட்டு வாசலில் அண்டாக்கள் கவிழ்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒல்லியான ஆள், தலை முழுக்க வெள்ளை. ஒல்லியான சமையல்காரரை யாரும் நம்புவதில்லை என்பதால், முதல் முறை பேச வருகிறவர்களுக்கு முன்னால் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பாராம். அவர் மனைவி சுப்பம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தங்கச்சிகள் எல்லாம் சௌக்கியமா என்று கேட்டுவைத்தேன்.

"அவரு ஒத்தைக்கொரு புள்ளைங்க" என்றார் சுப்பம்மா. "நாத்தனா தொல்லை இருக்காதுன்னுதான் எங்கூட்டுல என்னைய இந்த ஊட்டுக்கே குடுத்தாங்க."

"லாரி?"

"எங்க மாமனாருங்களா? அவரு டீ பேக்டரியில எடை போட்டவருங்க. லாரி வாசம் பட்டாலே வாந்தி எடுத்துருவாரு."

வதந்தி அத்தோடு செத்தது. ஆனால் கல்யாணங்கள் நிஜம். ஏழு தாய்மாமன் வேட்டிகளும் நிஜம், கொடியில் வரிசையாகக் கிடந்தன. எனவே உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் கல்யாணம் என்றால் மண்டபம், மண்டபம் என்றால் மருதாசலம். பிறகு மாப்பிள்ளைகளுக்குப் போட்டோவில் பின்னால் மூடுபனி தேவைப்பட்டது. கல்யாணங்கள் ரிசார்ட்டுக்கு ஏறிவிட்டன. ரிசார்ட்டுகளில் ஒரு விதி உண்டு: அவர்களுடைய செஃப் சமைப்பதைத்தான் விருந்தினர் சாப்பிட வேண்டும், வெளிச் சமையல்காரர் உள்ளே வரக்கூடாது. ஆனால் எங்கோ ஒரு வக்கீல், சாமி குத்தத்துக்குப் பயந்தோ என்னவோ, ஒரு வரி சேர்த்துவிட்டார். சடங்குக்குரிய உணவைக் குடும்பத்தாரே சமைத்துக்கொள்ளலாம். சடங்குக்குரிய உணவு என்றால் எவ்வளவு என்று அந்த வரி சொல்லவில்லை. மருதாசலம் அதை நானூறு இலை என்று எடுத்துக்கொண்டார்.

"மொதத் தடவ பொண்ணுக்குப் பெரியப்பான்னு சொன்னேனுங்க" என்றார். "அந்த மேனேஜரு வெவரமான ஆளு. பொண்ணோட அப்பாவுக்கு ஒரு இன்ஷியலு, உங்களுக்கு ஒரு இன்ஷியலு, ரெண்டு பேரும் ஒரே அப்பனுக்கு எப்படீங்க பொறந்தீங்கன்னு கேட்டுப்போட்டாரு. அன்னைக்கோட பெரியப்பா வேலைய உட்டுட்டேன். தாய்மாமனுக்கு அந்த வம்பே இல்லீங்க. பொம்பளைங்க கல்யாணமானா இன்ஷியல மாத்திப்போடறாங்களே, யாரு என்னத்தக் கண்டாங்க."

"நிஜத் தாய்மாமன்?"

"முன்னாடியே சொல்லி வெச்சிருவோமுங்க. அவரு அன்னைக்கு ஒரு நாளைக்குச் சித்தப்பா ஆயிருவாரு."

இந்த ஏற்பாடு ஒரே ஓர் இடத்தில்தான் இடறியது. அது ஜீவிதாவின் கல்யாணம்.

ஜீவிதாவின் அப்பா பரமசிவன் சேரங்கோட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா வாசுகி. இரண்டு பேர் வீட்டாரும் சிலோனிலிருந்து வந்து சேரங்கோட்டில் குடியேறியவர்கள். மாப்பிள்ளை விருப்பப்படி குன்னூரை அடுத்த ஒரு ரிசார்ட்டில் கல்யாணம். வாசுகி கேட்டது ஒன்றே ஒன்று: தன் சனத்துக்குக் காலையில் இடியாப்பமும் சொதியும் வேண்டும். தேங்காய்ப்பாலில் செய்யும் அந்த மஞ்சள் குழம்பு இல்லாமல் அவர்கள் ஊரில் யாருக்கும் விடிவதில்லை. ரிசார்ட் செஃப், அதற்கென்ன, ஸ்டியூ போட்டுவிடலாம் என்றார். வாசுகி அழுதுவிட்டார். பரமசிவன் நேராக மருதாசலத்திடம் வந்தார்.

அந்த ரிசார்ட்டின் மேனேஜர் ஹெர்பர்ட். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் பிறர் சொல்வதையும் நம்பிவிடுவார். ஆனால் நம்பியது பொய்யென்று தெரிந்தால் அவரைப்போல் கொடுமைக்காரர் கிடையாது.

"மிஸ்டர் மருதாசலம், நீங்க பொண்ணோட அம்மாவுக்கு பிரதர். நான் நம்பறேன். ஆனா அது இல்லைன்னு தெரிஞ்சா, அந்த நிமிஷமே கிச்சனைப் பூட்டிடுவேன். எங்க மேனேஜர்ஸ் குரூப்ல உங்க போட்டோவையும் போட்டுடுவேன்" என்றாராம் முதல் நாளே.

அந்த வாட்ஸ்அப் குரூப்பில் குன்னூரிலிருந்து கிளென்மார்கன் வரை அத்தனை மேனேஜர்களும் இருக்கிறார்கள். போட்டோ அதில் விழுந்தால் மருதாசலத்தின் அடுப்பு இந்த மலையில் அப்புறம் எங்கேயும் எரியாது. கவிழ்த்த அண்டா கவிழ்த்தபடியே கிடக்கும்.

இனி நிஜத் தாய்மாமன். வாசுகியின் தம்பி, பழனியாண்டி. அவருக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டார்கள். வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைக்கவில்லை என்று அவர் கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். வரமாட்டார் என்பதால் அவரிடம் மருதாசலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் இருக்கிற தாய்மாமன் வீட்டில் இருந்தால் அவர் கோபமாக இருப்பது யாருக்குத் தெரியும்? விடியுமுன்பே வேனில் வந்து, ரிசார்ட்டின் பார்க்கிங்கில் நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் கம்பளிக் குல்லாய்க்குள் அவர் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அவரை முதலில் பார்த்தது மருதாசலம். கறிவேப்பிலைக் கூடையை எடுக்க வந்தவர், குளிரில் ஒரு மனிதன் தனியாக வேனில் இருப்பதைப் பார்த்தார்.

"டிரைவருங்களா? யாரும் உங்கள கண்டுக்கலீங்களாட்ட இருக்குது."

பழனியாண்டி வாயைத் திறந்தார். தாய்மாமன் என்று சொன்னால் தானாக வந்து நின்றதாக ஆகிவிடும். "டிரைவருதான்" என்றார்.

மருதாசலம் தட்டு நிறைய இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து கொடுத்தார். காலியான தட்டு ஜன்னல் வழியாக நீண்டது. மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் நீண்டது.

உள்ளே மணமேடையில் கூட்டம் கூடிவிட்டது. அன்றைக்கு மூடுபனி வரவில்லை. போட்டோகிராபர் இடியாப்பத் தட்டுகளைத் திறக்கச் சொல்லி அந்த ஆவிக்கு முன்னால் மாப்பிள்ளையை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஐயர் மைக்கில், "தாய்மாமன் வந்து பொண்ணுக்குப் பட்டம் கட்டலாம்" என்றார். பெண்ணின் நெற்றியில் அந்தப் பட்டம் ஏறாமல் தாலி ஏறாது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை அதற்கு ரகசியமாகத் தயார் செய்திருந்தார் பரமசிவன். ஆனால் ஹெர்பர்ட் அதற்குள் சமையல்கட்டுக்கு ஓடிவிட்டார்.

"மிஸ்டர் மருதாசலம், உங்களைக் கூப்பிடறாங்க."

"சாம்பாரு எறக்கற நேரமுங்க. வேற மாமனுங்க பாத்துக்குவாங்க."

"சொந்தத் தாய்மாமன் இருக்கும்போது வேற மாமனா? வாங்க, நான் கரண்டியப் பிடிச்சுக்கறேன்."

மேனேஜர் கரண்டியோடு பின்னால் வர, மருதாசலம் மேடை ஏறினார். ஜீவிதா தலைகுனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவர் பட்டத்தைக் கையில் எடுத்தார். அப்போது வாசலில் ஒரு மஞ்சள் குல்லாய் தெரிந்தது.

"யாருடா அவன், எங்க அக்கா மகளுக்குப் பட்டம் கட்டுறவன்? நா என்னா செத்தா போயிட்டேன்?"

மேளம் நின்றது. ஹெர்பர்ட் கரண்டியை நாதஸ்வரக்காரரிடம் கொடுத்துவிட்டு, "நீங்க யாரு?" என்றார்.

"நான்தான் தாய்மாமன்."

"அப்போ இவரு?"

ஹெர்பர்ட்டின் கை கோட்டுப் பைக்குள் போனது. சாவிக்கொத்து வெளியே வந்தது. சமையல்கட்டில் நானூறு இலைக்கான சோறு வெந்து இறங்கியிருந்தது.

"தம்பி, கொஞ்சம் பேசாம இரு" என்றார் வாசுகி.

"நா ஏன் பேசாம இருக்கணும்? இந்தக் கல்யாணத்துல கை நனைக்க மாட்டேன்னு மாரியம்மா மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். இந்த நிமிசம் வரைக்கும் பச்சத் தண்ணி தொட்டிருக்கேனா, கேட்டுப் பாரு."

மருதாசலம் திரும்பிப் பார்த்தார். குல்லாயைப் பார்த்தார். குல்லாய்க்குக் கீழே மீசையோரத்தில் காய்ந்திருந்த தேங்காய்ப்பாலைப் பார்த்தார்.

"ஏனுங்க" என்றார், மிகவும் மெதுவாக. "சொதி இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?"

இப்போது பழனியாண்டி பேசாமல் இருந்தார். கூட்டம் அவர் மீசையைப் பார்க்கத் தொடங்கியது. இந்த ஆள் யாரோ என்று சொன்னால், யாரோ கொடுத்ததைக் கல்யாண வீட்டில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டதாக ஆகும். சத்தியம் பண்ணிய தாய்மாமனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. எங்கே நின்று எதைச் சொன்னால் கை நனைத்தது கை நனைத்ததாக ஆகாது என்று அவர் தேடியது முகத்திலேயே தெரிந்ததாம். கடைசியில் கண்டுபிடித்தார்.

"அண்ணே" என்றார்.

கூட்டத்துக்கு மருதாசலத்தைக் காட்டினார்.

"இது எங்க அண்ணன். கூடப் பொறந்த அண்ணன். ராமேஸ்வரத்துல கப்பல விட்டு எறங்குறப்ப தொலஞ்சு போனவரு. அண்ணன் கையால சாப்புட்டா அது கல்யாண வீட்டுல சாப்புட்டதா? வெளங்குதா ஒங்களுக்கு?"

எந்த அண்ணனையும் எங்கும் தொலைத்திராத வாசுகி ஓவென்று அழ ஆரம்பித்தார். அதைப் பார்த்து அத்தைகள் அழுதார்கள். "அவனுக்குச் சின்னதுலேயே அடுப்புன்னா உசுரு" என்று ஓர் அத்தை நினைவுகூர்ந்தார். இன்னொருவர் அவன் காணாமல் போன அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொன்னார். ஹெர்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சாவியைப் பைக்குள் போட்டார். சமையல்கட்டு பிழைத்தது.

போட்ட கையோடு கேட்டார்: "அப்போ மூத்தவர்தானே பட்டம் கட்டணும்?"

பழனியாண்டி இதை எதிர்பார்க்கவில்லை. மருதாசலத்தின் வெள்ளைத் தலையைப் பார்த்தார். தம்பி என்று மாற்றிச் சொல்லவும் வழியில்லை. "அண்ணன்தான் கட்டணும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. மருதாசலம் பட்டத்தை நெற்றியில் வைத்துக் கட்ட, பழனியாண்டி பின்னால் நின்று கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார். மதியம் நானூறு இலையும் நிறைந்தது. ஹெர்பர்ட்டும் ஓர் இலையில் உட்கார்ந்தார்.

ஹெர்பர்ட்டையும் போய்ப் பார்த்தேன். விசாரணை என்றால் இரண்டு தரப்பும் வேண்டும். தன் சர்வீஸில் அப்படி ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்ததைப் பார்த்ததில்லை என்றார். அதற்கு முந்தின வருஷம் இதே ரிசார்ட்டில் ஆஷ்லி என்ற பெண்ணின் கல்யாணத்துக்கும் இவர்தானே தாய்மாமன் என்றேன்.

"ஆமா சார்" என்றார் ஹெர்பர்ட், கொஞ்சமும் தடுமாறாமல். "தொலைஞ்ச பிள்ளைய அவங்கதான் எடுத்து வளர்த்திருக்காங்க. நல்ல ஃபேமிலி."

பழனியாண்டியின் நிலைமைதான் வேறு. தன் பொய்யை அவர் நம்பிவிட்டார். கல்யாணம் முடிந்த மாதமே மருதாசலத்துக்குப் போன் வந்தது: அப்பாவுக்குத் திவசம், மூத்த மகன்தான் கொடுக்க வேண்டும். பார்த்தே இராத ஒரு மனிதருக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு, அங்கேயே சமைத்தும் போட்டுவிட்டு வந்தார் மருதாசலம். மறுத்தால் செய்தி ஹெர்பர்ட்டுக்கு எட்டிவிடும், வேறு வழி இல்லை.

"எனக்கும் நாத்தனா வந்துட்டாங்க" என்றார் சுப்பம்மா. "தெனமும் போன் பண்ணி என்ன கொழம்புன்னு கேக்கறாங்க."

போன வருஷம் ஜீவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேரங்கோடு கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். ஜீவிதாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது; அம்மாவின் தாய்மாமன்கள் இரண்டு பேர் இருப்பதால் காதுக்கு ஒருவர் என்று பழனியாண்டியே பிரித்துவிட்டார். வலது காது தம்பிக்கு, இடது காது அண்ணனுக்கு. பழனியாண்டி குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, வலது காது குத்தித் தோடும் போட்டாயிற்று. இடது காதுக்கு மருதாசலம் வரவில்லை. அன்றைக்குக் கோத்தகிரி ரிசார்ட் ஒன்றில் அவர் வேறொரு பெண்ணுக்குத் தாய்மாமனாக இருந்தார். அந்தக் காதையும் குத்திவிடலாம் என்றார் ஆசாரி. அண்ணன் பங்கில் கை வைக்கமாட்டேன் என்று பழனியாண்டி எழுந்துவிட்டார்.

"அந்தக் கொழந்தைக்கு இன்னும் ஒத்தைக் காதுல தோடுங்க" என்றார் சுப்பம்மா. "பாக்கறவங்கெல்லாம் இன்னொண்ண எங்க தொலைச்சீங்கன்னு கேக்கறாங்களாமா."

"தோடு வாங்கியாச்சா?" என்று மருதாசலத்தைக் கேட்டேன்.

"வாங்கி ஆறு மாசமாச்சுங்க" என்று அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். "காது குத்தறதுன்னா நல்ல நாளாப் பாத்துத்தானுங்க குத்தோணும். நல்ல நாள்ல எனக்கு எங்கீங்க ஒழியுது?"