கட்லாவும் கோல்ஃப் மட்டையும்

சனிக்கிழமை கோல்ஃப், ஞாயிற்றுக்கிழமை தூண்டில். "ரெண்டுல ஒண்ணை விட்டுடுங்கோ, ஒரு நாளாவது ஆத்துல இருங்கோ" என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு எதையும் விட மனமில்லை.

நாங்கள் மீன் சாப்பிடாதவர்கள். பிடித்த மீனை எங்கள் பவானிபூர் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த, அண்ணி என்ற பொருளில் நாங்கள் பௌதி என்று கூப்பிடும் பெங்காலி அம்மாளிடம் உயிரோடு கொடுத்துவிட்டு மாடியேறிவிடுவேன். அதற்குப் பிறகு நடப்பதை நான் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிறு பௌதியின் வீடு பூட்டியிருந்தது. நான் பிடித்து வந்த கட்லா மீன் துள்ளியதில் வாளி கவிழ்ந்து, அது வாசல் சிமெண்டில் கிடந்து துடித்தது. பார்க்கச் சகிக்கவில்லை. முந்தின நாள் ஆடிய மட்டை காரிலேயே இருந்தது. ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று எடுத்தேன். முதல் அடியில் தாடை பெயர்ந்தது. இரண்டாவதில் கண் தெறித்தது. பிறகு எண்ணவில்லை.

"ஐயோ, நிறுத்துங்கோன்னா! அது செத்து எவ்வளவு நாழியாச்சு!" என்று மாடிப்படியில் நின்று மனைவி அலறினாள். என் சட்டையெல்லாம் செதிலும் ரத்தமும்.

அன்றோடு தூண்டிலை விட்டிருப்பேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, ஞாயிறுதோறும் போகிறேன்; பிடித்ததைக் குளத்திலேயே விட்டுவிடுகிறேன். நான் தலைமுழுகியது கோல்ஃபைத்தான். பந்தில் மட்டை சரியாகப் பட்டால் தோள்வரை ஒரு சுகம் ஏறும். அன்று அது ஒவ்வோர் அடியிலும் ஏறியது.