சர்வர் அறியாத வீடு

கிர்கிஸ்தானில், எங்கள் நரின் ஊரில் ஓடுகிற ஒரே கணினிச் சர்வருக்கு உயிர் கொடுத்தவள் நான்தான். சரி, கொஞ்சம் மிகை. ஊரில் வேறு சர்வர்களும் உண்டு, நான் செய்ததும் தேநீர் ஊற்றியது மட்டும்தான்.

சர்வர், மூத்தவள் என்று என்னை ‘அபா’, அதாவது அம்மா, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு எசென்குலுடையது. எங்கள் குலத்தாரின் கல்யாணம், விருந்து, சாவு எல்லாப் படங்களும் அவன் நடத்தும் இணையதளத்தில்தான் ஏறும். ஒவ்வொரு வீட்டையும் தனிக் குழுவாகப் பிரித்து வைத்திருந்தான். ஒரு வீட்டுப் படத்தில் இன்னொரு வீடு கை வைக்க முடியாது.

அவன் மனைவி இறந்து ஒரு வருடம். ஆண்டு விருந்துக்கு எங்கள் வழக்கப்படி குதிரை அறுத்தான். ஊரே வந்து தின்றுவிட்டுப் போனது. சியோலில் வேலை செய்யும் மகள் உல்ஜானுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அடக்கத்துக்குப் பிறகு அப்பனோடு அவளுக்குப் பேச்சும் இல்லை. ‘படம் போடுங்க, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்’ என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாள்.

ஞாயிறு காலை நான் அவன் வீட்டுக்குப் போனபோது, திரையில் விருந்துப் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ‘அனுமதி இல்லை’ என்று நின்றது.

“எல்லாருக்கும் தொறந்து விட்டுடேன்டா. யாரு திருடப் போறாங்க?”

“திருட மாட்டாங்க அபா. உங்க மருமகன் குடிச்சுட்டு வந்து என் பொண்டாட்டி படத்துல மீசை வரைவான்.”

தேநீரைத் தொடவில்லை. படங்கள் எந்தக் குழுவுக்குச் சொந்தம் என்று பார்த்தான். அவன் வீட்டுக் குழுவில் ஒழுங்காகத்தான் இருந்தன. அடுத்து, இணையப் பக்கத்தைக் காட்டும் நிரல் எந்தெந்தக் குழுக்களில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தான். என் வீடு இருந்தது. மருமகன் வீடு இருந்தது. ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகூட இருந்தது. அவன் வீடு இல்லை. இதற்கு முன் இத்தனை வருடத்தில் தன் வீட்டுப் படம் ஒன்றைக்கூட அவன் ஏற்றியதில்லை.

“உன்னைய சேத்துக்க மறந்துட்டியாடா?”

“தேவைப்படல அபா.”

நிரலை அந்தக் குழுவில் சேர்த்தான். அப்போதும் அனுமதி இல்லை.

“இப்ப என்னவாம் அதுக்கு?”

“அது ஓட ஆரம்பிச்சப்ப இருந்த குழுக்கள்தான் அதுக்குத் தெரியும். நிறுத்திட்டு மறுபடி ஓட விடணும்.”

ஓட விட்டான். நீள விரிப்பு, கறித்தட்டுகள், நடுவில் சட்டமிட்ட படத்தில் அவள் முகம். எல்லாம் வந்துவிட்டன.

இந்தக் கதையின் முடிவாக, உடனே உல்ஜான் போனில் கூப்பிட்டு அப்பனோடு மணிக்கணக்கில் அழுதாள் என்று எழுதி, எசென்குலுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அவ கூப்பிடல அபா,” என்றான். “சர்வர் பதிவுல பாத்தேன், சியோல்லேர்ந்து யாரோ தளத்துக்கு வந்து அவ அம்மா முகத்தை மட்டும் பாத்துட்டுப் போயிருக்காங்க. அது அவதான்னுகூட சொல்ல முடியாது.”