ஒன்றும் சாகாத பண்ணை

கிரீஸ் நாட்டில் கஸ்தோரியா ஏரிக்கரையில் தோலாடை தைக்கிற வீடுகள் நிறைய. ஸ்டெர்யானி பிறந்ததும் அப்படி ஒரு வீட்டில்தான். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தால் பழுப்பு மயிர் வீடு முழுக்கப் பறந்து பால் தம்ளரில் விழும். அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்க அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஸ்டெர்யானி சொல்லிவிட்டாள்: "எனக்குத் தோல் வேணாம். தோலுக்குள்ள உயிரோட இருக்கே, அதுதான் வேணும்." அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவள் தெசலோனிகி போய்க் கால்நடை மருத்துவம் படித்து அரசாங்க உத்தியோகத்தோடு திரும்பி வந்தபோது, அதே அப்பா தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மலைமேல் ஆட்டுப்பட்டிகளில்தான் அவளுடைய ஆரம்ப வருஷங்கள் போயின. பருத்த உடம்பு, உரத்த குரல், மனதில் பட்டதை அங்கேயே போட்டு உடைக்கிற வாய். வண்டியை விட்டு இறங்கும்போதே பட்டியில் என்ன நோய் என்று சொல்லிவிடுவாள் என்று மேய்ப்பர்கள் அவளுக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. "வாய்னு வைக்காம விட்டானுங்களே" என்று சிரித்தாள்.

அந்த மூக்குக்குத்தான் கொரோனா வேலை வைத்தது. எங்கள் மலையடிவாரம் நெடுக, தோலுக்காக வளர்க்கிற மிங்க் பண்ணைகள். கீரியைப் போல நீண்ட உடம்பும் கீரியைவிடக் கெட்ட கோபமும் கொண்ட பிராணி அது. மனிதனிடமிருந்து அந்தக் கிருமி மிங்குக்குப் போகும், அங்கே பல்கிப் பெருகிக் கொஞ்சம் உருமாறும், மறுபடி மனிதனிடமே வரும். அதனால் ஒவ்வொரு பண்ணையும் வாராவாரம் செத்துப்போன பிராணிகளைக் குளிர்பெட்டியில் போட்டுக் கேட்டருகே வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஸ்டெர்யானியும் டிரைவர் லாசரோசும் போய் எடுத்து வருவார்கள். அவள் ஒவ்வொன்றின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாள். நவம்பரில் பக்கத்து மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் நோய் இருப்பது தெரிந்து, அங்கே இருந்த அத்தனை மிங்கையும் கொன்று குழியில் தள்ளியதை ஊரே டிவியில் பார்த்திருந்தது. அதற்குப் பிறகு அவள் வண்டியைக் கண்டாலே பண்ணைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஸீஸிஸ் மட்டும் திருப்பவில்லை. அவன் மகள் கலியோப்பியை ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்திய ஞானத்தாய் ஸ்டெர்யானிதான். ரத்த உறவுக்கு ஒரு படி மேலே வைத்துப் பார்க்கிற பந்தம் அது. அந்த பிப்ரவரியில் அவன் பண்ணைப் பெட்டி இரண்டாவது வாரமாகக் காலியாக இருந்தது.

"நல்ல பண்ணை டாக்டரம்மா. ஒண்ணுகூடச் சாகல" என்றார் லாசரோஸ், பெட்டியை மூடிக்கொண்டே.

"லாசரோஸ், நம்ம ஊர்ல இத்தனை ஜனம் இருக்கு. ரெண்டு வாரமா சாவு மணியே அடிக்கலைன்னா என்ன நினைப்பீங்க?"

"மணி அடிக்கிறவன் குடிச்சிட்டுப் படுத்துட்டான்னு நினைப்பேன்."

"இல்ல, மணி நாக்கைத் துணியால கட்டி வெச்சிருக்கான்னு நான் நினைக்கிறேன். வண்டியை உள்ள விடுங்க."

முழு உடை, முகக்கவசம், கையுறைமேல் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அவள் இறங்கியபோது ஸீஸிஸ் ஓடிவந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள், தோள் அகன்றவன். அன்றைக்கு அந்தத் தோள் குறுகியிருந்தது.

"பெட்டியை வெளியிலதான் வெச்சேனே அக்கா. உள்ள எதுக்கு?"

"ஏன், நான் வந்தா உன் மிங்குக்கு வெக்கமா?"

முதல் கொட்டகையில் கூண்டுகளின் மேல்கம்பி துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. அந்தக் கம்பிமேல்தான் மீனும் கோழிக்கழிவும் அரைத்த சாம்பல்நிறக் கூழை அப்பி வைப்பார்கள். மிங்க் அண்ணாந்து நக்கித் தின்னும். இரண்டாவது கொட்டகையும் அப்படியே. மூன்றாவதில் கூழ் வைத்தது வைத்தபடி ஓரம் காய்ந்து கிடந்தது.

"இந்தத் தடவ தீவனம் மட்டம்க்கா. கோழி பழசு போல."

"ஒரே தொட்டியில கலக்கினதுதானே? முதல் கொட்டகைக்கு ருசிச்சது இங்க மட்டும் கசக்குதா?"

அவள் நாக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பினாள். ஆள் வந்தால் கம்பிக்குப் பாய்ந்து வந்து சீறுகிற ஜாதி. நாலைந்து கூண்டுகளில் தலை மட்டும் உயர்ந்தது. கறுத்த பெண் மிங்க் ஒன்று படுத்தபடியே பார்த்தது. அதன் மூக்கில் சளி குமிழியிட்டு உடைந்தது.

"செத்ததெல்லாம் எங்கடா?"

அவன் கம்பிமேல் காய்ந்த கூழை நகத்தால் சுரண்டினான்.

"ஸீஸிஸ், உன் பிள்ளைக்கு ஞானத்தாயா கேக்கல. டாக்டரா கேக்கறேன். எங்க?"

"பழைய ஃப்ரீசர்ல" என்றான். பிறகு அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. "டிவியில பாத்தீங்கல்ல? மண்ணைத் தள்ற மெஷின்ல வாரிக் கொட்டினானுங்க! எங்கப்பா ரெண்டு கூண்டோட ஆரம்பிச்ச பண்ணைக்கா. உங்க குச்சியில ஒண்ணு தப்பா வந்தா எல்லாம் குழிக்குப் போயிடும். நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?"

"புதைக்காம வெச்சியே, அந்த மட்டுக்கும் புத்தி இருக்கு" என்றாள் அவள். "குழிக்குப் போகுமா போகாதான்னு இப்ப எனக்கே தெரியாது. ஆனா மறைச்சா கட்டாயம் போகும். இப்ப அந்தக் கறுப்பியைப் பிடி. தடிச்ச கையுறை போட்டுக்கோ."

அவன் பிடித்தான். அவள் அதன் வாயைத் திறந்து தொண்டையைத் துடைத்தாள். எல்லாக் கொட்டகைகளிலும் வரிசைக்குச் சில பிராணிகளுக்கு அப்படியே.

வேலை முடிந்து உடையைக் கழற்றிப் பையில் கட்டிப் புது முகக்கவசம் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் வந்தபோது சமையலறை ஜன்னல் வழியாகக் கருகல் வாடை அடித்தது. உள்ளே அடுப்பில் காபி பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைச் சுவரில் சாய்த்து நின்றிருந்தாள் ஸீஸிஸின் மனைவி பொலிக்ஸேனி.

"ஏய் பொலிக்ஸேனி, காபி கருகுது! மூக்கு என்ன ஆச்சு?"

"ஐயோ... தெரியலக்கா. ரெண்டு மூணு நாளா எதுவும் வாசனையே இல்ல. ஜலதோஷம்." அந்தச் சின்ன வாக்கியத்துக்கு நடுவில் அவள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். மூன்றாவது கொட்டகைக்குத் தீவனம் வைப்பது அவள் வேலை. ஸ்டெர்யானி ஜன்னலுக்கு வெளியிலேயே நின்று அவள் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது.

"லாசரோஸ், ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

"அக்கா, வெறும் சளிதான்..." என்றான் ஸீஸிஸ்.

"நான் ஆட்டு டாக்டர்தான். ஆனா ஒரு ஆட்டுக்கு உதடு இந்த நிறத்துல இருந்தாலே நான் சும்மா பாத்துட்டு நிக்க மாட்டேன். வாயை மூடிட்டு அவளுக்குத் துணிமணி எடுத்து வை."

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் கிடந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாகச் சேதி வந்தது. மிங்க் பரிசோதனை முடிவும் வந்தது: நோய் இருந்தது, மூன்றாவது கொட்டகையில் மட்டும். பொலிக்ஸேனிக்கு வந்ததும் அங்கே இருந்ததும் ஒரே கிருமி. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்டவர்களிடம் ஸ்டெர்யானி, "தெரிஞ்சு யாரை அடிக்கப் போறீங்க?" என்று வாயை அடைத்தாள்.

மேலதிகாரிகள் வீடியோவில் கூடினார்கள். எல்லாவற்றையும் கொன்றுவிடுவதுதான் பத்திரம் என்றார் ஒருவர். ஸ்டெர்யானி கேமராவுக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்ததால் திரை முழுக்க அவள் முகம்தான் தெரிந்தது.

"ஒரு கொட்டகையிலதான் இருக்கு. அந்தக் கொட்டகைக்குன்னு தனி ஆள், தனி உடுப்பு, தனி தீவன வண்டி. வெளியிலிருந்து பூனை நுழையாதபடி வலை. உள்ளேயிருந்து ஒரு மயிரிழை வெளிய போகாது. வாரம் ரெண்டு தடவை நானே தொண்டை துடைக்கறேன். அடுத்த கொட்டகைக்குத் தாண்டினா, கொல்லுங்கன்னு நானே முதல்ல கையெழுத்துப் போடறேன்."

"அவ்வளவு உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதி இல்லாம நான் எப்ப சார் பேசியிருக்கேன்?"

யாரோ சிரித்தார்கள். நிபந்தனைகள் நீளமாக எழுதப்பட்டன, பண்ணை பூட்டப்பட்டது.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உண்மையான பாடு. நோய் வெளியே தெரிந்ததே அவளால்தான் என்று மற்றப் பண்ணைக்காரர்களுக்கு ஆத்திரம். ஒருவன் வண்டிக் கண்ணாடிமேல் ஒரு வாளி தீவனக்கூழைக் கொட்டிவிட்டுப் போனான். லாசரோஸ் துடைத்துத் துடைத்து ஓய்ந்துவிட்டார். "மீன் நாத்தம் போகல டாக்டரம்மா. ஊர்ப் பூனையெல்லாம் நம்ம பின்னாடி ஊர்வலம் வருது." அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, கூழ் கொட்டினவனின் பண்ணையில்தான் அன்றைக்கு வண்டியை முதலில் நிறுத்தச் சொன்னாள்.

கூழ் அவளைச் சுடவில்லை. ஸீஸிஸின் மௌனம் சுட்டது. அவன் கேட்டைத் திறப்பான், அவள் கேட்ட கூண்டைக் காட்டுவான், தலையைக் குனிந்துகொள்வான். ஒரு வார்த்தை கிடையாது. மூன்றாவது கொட்டகையில் நிறையச் செத்தன. பிழைத்தவை மெல்ல மெல்லத் தலை தூக்கின. கறுப்பி பிழைத்துக்கொண்டது. ஒருநாள் பஞ்சுக்குச்சியைக் கண்டதும் கையுறை கிழியக் கடித்தது. "இதுக்குத்தாண்டி காத்திருந்தேன்!" என்று ஸ்டெர்யானி கத்தியது அடுத்த கொட்டகை வரை கேட்டது.

வீட்டில் கணவர் ஆர்கிரிஸ் கேட்டார்: "ஸீஸிஸ் இன்னும் பேசலையா?"

"கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்க முடியுற நிலைமையில இருக்கானே, அது போதும்" என்றாள். சொன்னாளே தவிர, அன்றைக்கு ரொட்டியைப் பிய்த்துத் தட்டிலேயே உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

நோய் அடுத்த கொட்டகைக்குத் தாண்டவில்லை. எதிர்ச்சரிவில் இருந்த பண்ணைகளுக்கும் போகவில்லை. தொடர்ந்து எல்லாக் குச்சிகளும் சுத்தமாக வர, ஏப்ரல் கடைசியில் பண்ணைப் பூட்டைத் திறக்கலாம் என்று தாள் வந்தது. பொலிக்ஸேனி அதற்கு வெகு முன்பே வீடு திரும்பியிருந்தாள், படியேறினால் நின்று நின்று போகிறவளாக.

ஈஸ்டர் வந்தது. வழக்கப்படி ஞானத்தாய் தன் ஞானப்பிள்ளைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பிவிடேன் என்றார் ஆர்கிரிஸ். "பேசலைன்னா பேச வேணாம். மெழுகுவர்த்தி என் உரிமை" என்று ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

வாசலில் ஸீஸிஸ் நின்றிருந்தான்.

"குட்டி போட்டிருக்குக்கா" என்றான்.

"எது?"

"மூணாவது கொட்டகையில. நீங்க கறுப்பின்னு கூப்புடுவீங்களே, அது. விரல் நீளம்கூட இல்ல, ஆனா கத்துது பாருங்க..." அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க உள்ள வராம, நான் மறைச்சே வெச்சிருந்தா அவளும் போயிருப்பா. பொலிக்ஸேனியைச் சொல்றேன். தினமும் நினைச்சுக்கறேன். அதான் உங்க மூஞ்சியப் பாக்க முடியல. கோவம் இல்லக்கா."

"மடையா. இதைச் சொல்ல இத்தனை நாளா?" அவள் மெழுகுவர்த்தியை அவன் கையில் திணித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொலிக்ஸேனியை உட்காரச் சொல்லு. ஈஸ்டர் ஆட்டுக்கறியை நான் பாத்துக்கறேன். கலியோப்பி எங்கே?"

அந்த வருஷக் கடைசியில் ஏதென்சில் பெரிய பதவி ஒன்று அவளைத் தேடி வந்தது. நோய்க் கண்காணிப்புக்கே தலைமை, வெயில் படும் அலுவலக அறை. தொலைபேசியிலேயே மறுத்துவிட்டாள். காரணம் கேட்டபோது, அங்கே உட்கார்ந்துகொண்டு கூண்டுமேல் தீவனம் மீந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்டாளாம். இப்போதும் வியாழக்கிழமைகளில் மலையடிவாரச் சாலையில் அவள் வண்டியைப் பார்க்கலாம். பண்ணைக்காரர்கள் இப்போதெல்லாம் தாங்களே போன் செய்கிறார்கள்: "மேடம், ஒண்ணு தும்முது, வந்து பாக்கறீங்களா?" அவளும் போகிறாள், அதே உரத்த குரலோடு, வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே திட்டத் தொடங்கியபடி.